கடைசிக் கேள்வியும் நாற்பத்தாறு வீடும்

ஜூன் 11, புதன்

இதை எங்காவது எழுதித் தொலைக்காவிட்டால் மதியச் சோறு இறங்காது. இன்று காலை எதிர்வீட்டு அமுதவல்லி அம்மாளின் முழங்காலை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, "லேசா நீர் கோத்திருக்கு, தானா வத்திடும்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் டாக்டர் இல்லை. கம்பவுண்டர்கூட இல்லை. வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு பட்டிமன்றங்களில் மூன்றாவது பேச்சாளராகப் பிழைப்பவன். முதல் பேச்சாளர் கருத்துச் சொல்வார். இரண்டாமவர் கவிதை சொல்வார். அதற்குள் கூட்டம் செருப்பைத் தேட ஆரம்பித்திருக்கும். அப்போது என்னை எழுப்பி விடுவார்கள்.

தப்பு என்னுடையதுதான். அக்கா மகள் சரிதா தன் பிஎச்.டி.க்காகச் சர்வே எடுக்க என்னைச் சேர்த்துக்கொண்டாள். நான் எங்கள் முத்தியால்பேட்டை முழுக்க "மருத்துவ ஆராய்ச்சியில இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கழுத்தில் அட்டை வேறு. பால் வாங்கப் போகும்போதும் அட்டை.

மனைவி செல்வாம்பாள் எல்லாவற்றையும் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். "நாளைக்கு அந்தம்மா ஊசி போடச் சொல்லி வந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்றாள். அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

ஜூன் 12, வியாழன்

பயிற்சி. பதினெட்டிலிருந்து இருபத்தொன்பது வயதுவரை உள்ளவர்களுக்கு உடம்பு, மருந்து, ஆஸ்பத்திரி பற்றி விவரம் தேடவும், படித்துப் புரிந்துகொள்ளவும், அதன்படி நடக்கவும் எவ்வளவு தெரிகிறது என்று அளக்க வேண்டும். அளக்கிற கோல் ஒரு டேப்லெட் கம்ப்யூட்டர், சுருக்கமாக டேப். அதில் நாற்பது கேள்வி. முதல் பாதியில் "இது உங்களுக்கு எவ்வளவு சுலபம்?" என்று கேட்போம். இரண்டாம் பாதியில் மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, பாக்கெட் படங்களைக் காட்டி விடை கேட்போம். எட்டுப் பகுதிகள். எனக்கு மீனவர் பகுதியான வைத்திக்குப்பமும், டவுனில் இரண்டு மூன்று வீதியும். யார் எத்தனை மார்க் என்பது எங்களுக்குத் தெரியாது. நேராகச் சரிதாவின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும்.

சரிதா எல்லாரிடமும் பொதுவாகச் சொன்னாள், ஆனால் என்னை மட்டும் பார்த்தாள். "எழுதியிருக்கிறத எழுதியிருக்கிற மாதிரியே படிக்கணும். பதில் வர்ற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது. முகத்தக்கூட மாத்தக் கூடாது."

பாவம், மூன்று வருட உழைப்பு. டிசம்பரில் தீசிஸ் கொடுக்க வேண்டும். தையில் கல்யாணம். பத்திரிகையில் "டாக்டர் சரிதா" என்று போட்டால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் அச்சகத்தில் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டுவைத்திருக்கிறார்களாம். அக்காவே சொன்னாள்.

ஜூன் 17, செவ்வாய்

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு உலகத்தில் எதுவுமே கடினம் இல்லை. டவுன் வீதிகளில் நான்கு நாளில் பதினெட்டுப் பேரைக் கேட்டேன். "டாக்டர் சொல்வதைப் புரிந்துகொள்வது எவ்வளவு சுலபம்?" "ரொம்ப சுலபம்." "மருந்துடன் வரும் தாளைப் படிப்பது?" "ரொம்ப சுலபம்." படித்திருக்கிறாயா என்று கேட்கக் கூடாது, அது கேள்வியில் இல்லை. ஒரு பையன் போன வாரம்தான் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். டேப்பை மூடிய பிறகு, டாக்டர் என்னப்பா சொன்னார் என்று சும்மா விசாரித்தேன். "ஒண்ணும் சொல்லல சார்" என்றான். ஒன்றும் சொல்லாவிட்டால் புரிந்துகொள்வது சுலபம்தான்.

நான் மட்டும் என்ன? டாக்டர் பேசும்போது முதல் நிமிடத்திலிருந்து தலையாட்டுவேன். வெளியே வந்து மருந்துக் கடைக்காரரிடம், அவர் என்ன சொன்னார் என்று கேட்பேன்.

ஜூன் 20, வெள்ளி

டவுனில் ஒரு வீடு. பெயர்ப்பலகையில் லூசியன், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பழைய சொல்தா, பிரெஞ்சு பென்ஷன். மகள் மிரேய், இருபத்தாறு வயது. "பொன்ழூர்" என்று சொல்லி உள்ளே போனேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அத்துடன் தீர்ந்தது. அப்பா தமிழிலேயே மகளுக்குப் பதிலாக எல்லாவற்றுக்கும் "சுலபம்" என்றார். மகள் அவரை உள்ளே அனுப்பிவிட்டு, முதல் இருபதில் பதினேழு கேள்விகளுக்குக் "கடினம்" என்றாள். "அந்தத் தாள்ல எழுத்து எவ்ளோ பொடியா இருக்கு மெஸ்யே, எப்படி சுலபம்னு சொல்றது?"

இந்த வாரம் எனக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆள்.

ஜூன் 23, திங்கள்

வைத்திக்குப்பத்தில் முதல் நாள். படகுகளுக்குப் பக்கத்து வரிசை.

மாலா, இருபத்தொரு வயது, கல்யாணமாகி ஐந்து மாதம். தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அந்த வீட்டில் தனியாக உட்கார இடம் இல்லை. மாமியார் ஒரு பக்கம், நாத்தனார்கள் இரண்டு பேர் ஒரு பக்கம், கதவில் பக்கத்து வீடு. முப்பத்தொன்பது கேள்வி எப்படியோ ஓடியது. நாற்பதாவதில் நின்றுவிட்டது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் படம். "பேதியான குழந்தைக்கு இந்த ஒரு பாக்கெட்டை எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும்?" கீழே நான்கு விடைகள்: ஒரு டம்ளர், அரை லிட்டர், ஒரு லிட்டர், இரண்டு லிட்டர்.

அந்தப் பெண் படத்தைப் பார்க்கிறாள், பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள். மாமியார் முகத்தில், இதுகூடத் தெரியாதா என்று ஒரு சிரிப்பு வந்துவிட்டது. பெண்ணின் கண்ணில் தண்ணீர் கட்டியது.

கேள்வி கேட்டபின் மௌனம் வந்தால் மூன்றாவது பேச்சாளனுக்குக் கை சும்மா இருக்காது. முப்பது வருடப் பழக்கம். வாயைத் திறக்கவில்லை. முகத்தை மாற்றவில்லை. பேனாவால் "ஒரு டம்ளர்" பக்கத்தில் லேசாக ஒரு தட்டு. அவ்வளவுதான். பேனாவைப் பற்றிச் சரிதா ஒன்றும் சொல்லவில்லையே?

ஜூன் 24, செவ்வாய்

இன்று ஐந்து பேர். நான்கு பேருக்குத் தட்டினேன்.

ஜூலை 4, வெள்ளி

அது பழக்கமாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மற்றக் கேள்விகளில் எனக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏழு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை, மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "நிறுத்திடுவேன்" என்று தயங்காமல் சொல்கிறார்கள். தப்பு. ஆனால் டக்கென்று வருகிறது, நானும் நிம்மதியாகப் பதிந்துகொள்கிறேன். அந்தக் கடைசிப் படத்தில்தான் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மலைத்து நிற்கிறார்கள்.

இன்று அருள்முருகன். இருபத்துமூன்று வயது, அண்ணன் படகில் கடலுக்குப் போகிறவன். வீட்டுக்கே அவன்தான் வைத்தியன். அம்மா சின்னப்பொண்ணுவின் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறான். சர்வே முடிந்ததும் தானாகவே சொன்னான்: "அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை குடுத்தாங்க சார். போன மாசம் செக் பண்ணா நார்மல்னுட்டாங்க. நார்மலானவங்களுக்கு எதுக்கு மாத்திரை? நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

மாத்திரை சாப்பிட்டதால்தானேப்பா நார்மல் என்றேன். முகம் வெளுத்துவிட்டது. உடனே கூட்டிப் போ என்றேன். "எங்க சார் போறது? ஓபி காலைல. அம்மா மீன் வித்துட்டு வர்றதுக்குள்ள சீட்டு குடுக்கறத நிறுத்திடுவாங்க."

அவன் அம்மா வாசலில் மத்தி கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "இவன் பரீட்சை பாஸா அண்ணே?" என்று கேட்டார். பாஸ் என்றேன்.

ஜூலை 9, புதன்

சரிதா டேப்பில் ஏதோ சரிபார்க்க வந்தாள். செல்வாம்பாள் கொடுத்த கேழ்வரகு அடையைத் தின்றுகொண்டே சொன்னாள்: எட்டுப் பகுதிகளில் எது குறைந்த மார்க்கோ அந்த இரண்டுக்கு மட்டும் ஜனவரியில் சாயங்கால மருத்துவ மேசை வருகிறதாம். சமுதாயக் கூடத்தில், ஐந்திலிருந்து எட்டு மணிவரை ஒரு நர்ஸ், பிரஷர் பார்க்க, சீட்டைப் படித்துச் சொல்ல. அவளுடைய கைடு ஏற்பாடு. "உங்க ஏரியாவுக்கு வரும்னு நினைக்கிறேன் மாமா. பாத்தாலே தெரியுது."

நான் எல்லாருக்கும் மார்க் போட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மார்க் ஏறினால் மேசை போச்சு. சின்னப்பொண்ணுவின் பிரஷர்?

ஜூலை 10, வியாழன்

தட்டவில்லை. பேனாவையே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

சரி, எழுதுகிறேன். விரலால் தட்டினேன். ஒரு பெண் நாலு நிமிஷமா அந்தப் படத்தையே பாத்துக்கினு இருந்தா நான் என்னதான் பண்றது?

ஜூலை 21, திங்கள்

வைத்திக்குப்பம் முடிந்தது. நாற்பத்தாறு பேர். சரிதா "சூப்பர் மாமா" என்று போனில் ஒரு பொம்மை அனுப்பியிருக்கிறாள். பொம்மை கை தட்டுகிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வீராம்பட்டினம் அம்மன் தேர். ஊரே அங்கேதான். கூட்டத்தில் ஒரு கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. அருள்முருகன். மேசை எப்போது வரும் என்று கேட்டான். ஊரில் எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறானாம். அவனுக்கு இது எப்படித் தெரியும்? நான்தான் உளறியிருக்கிறேன். எப்போது, யாரிடம் என்பது நினைவில் இல்லை, ஆனால் ரகசியம் என்று ஒன்று வெளியே வந்திருந்தால் அது என் வாய் வழியாகத்தான் வந்திருக்கும்.

"வரும், வரும்" என்று சொல்லிவிட்டுத் தேர் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்தேன். சாமி கும்பிடவே இல்லை. எந்த முகத்தோடு, என்னவென்று வேண்டுவது? அம்மா, இந்தப் பிள்ளைகளை ஃபெயிலாக்கு என்றா?

செப்டம்பர் 6, சனி

முடிவு வந்துவிட்டது. சரிதா இனிப்போடு வந்தாள்.

வைத்திக்குப்பம் எட்டாவது. கடைசி. மேசை உண்டு.

எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. நான் அவ்வளவு தட்டியும் கடைசியா? ஒரு கேள்வி என்ன பெரிய கேள்வி, வீணாக இரண்டு மாதம் பயந்தோம் என்று லட்டை எடுத்தேன்.

அப்போது சரிதா சொன்னாள்: "ஒரு அதிசயம் மாமா. கடைசிக் கேள்வி இருக்கில்ல, மத்த ஊர்லல்லாம் பதில் கலந்துகட்டி வருது. வைத்திக்குப்பத்துல மட்டும் நாப்பத்தாறுல நாப்பத்தொரு பேரு ஒரே தப்பு. ஒரு டம்ளர். எங்க கைடு பாத்துட்டு அசந்துட்டாரு. இது அந்தச் சமூகத்தோட நம்பிக்கை, தனி அத்தியாயமே எழுதுன்னுட்டாரு."

தப்பா?

அவள் மேலே மேலே சொல்லிக்கொண்டே போனாள். கடலில் நல்ல தண்ணீரைச் சிக்கனமாக வைத்துக்கொள்கிற பழக்கத்தால் மருந்திலும் தண்ணீரைக் குறைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாளாம். அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் படிக்கப் போகிறாளாம். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். இந்தப் பெண்ணை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அந்தச் சமூகத்தின் நம்பிக்கை முத்தியால்பேட்டையில் உட்கார்ந்து லட்டுத் தின்றுகொண்டிருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

செல்வாம்பாளைக் கேட்டேன். "ஒரு டம்ளர்தான். இருபது வருஷமா அப்படித்தான் கலக்கிக் குடுக்கறேன். செத்தா போயிட்டீங்க?" வீட்டில் பாக்கெட் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. சர்வேப் படத்தைப் போனில் காட்டி, மெயின் ரோட்டு மருந்துக் கடையில் அதே பாக்கெட்டை வாங்கினேன். பின்பக்கம் தமிழிலேயே இருக்கிறது. இருபத்தொரு கிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கவும்.

நாற்பதும் தெரிந்தவன்போல உட்கார்ந்திருந்தேனே, கடைசிவரை அந்தப் படத்திலிருந்த எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேனா? இல்லை. எனக்குத்தான் ரொம்ப சுலபமாயிற்றே.

கடைக்காரர் சும்மா இருந்திருக்கலாம். கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தால் சின்னக் குழந்தைக்கு உடம்பில் உப்பு ஏறிவிடும், ஆபத்து சார் என்றார்.

நாற்பத்தொரு வீட்டில் கற்றுக்கொடுத்திருக்கிறேன். எத்தனை வீட்டில் குழந்தை?

செப்டம்பர் 8, திங்கள்

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பீச் ரோடு போனேன். முழுதும் ஒருமுறை நடந்தேன். திரும்பி வந்து மறுபடி நடந்தேன். கடலைக்காரர்கூட என்ன சார், டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரா என்றார்.

செல்வாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "கடைசி வந்தாதான் மேசைன்னாங்க, வந்துடுச்சு. அந்தப் பொண்ணுக்கும் டாக்டர் பட்டம் வருது. உங்களால ரெண்டு நல்லது நடந்திருக்கு, அதயும் கெடுக்கணுமா? வாய மூடிக்கினு இருங்க, ஒரே ஒரு தடவ."

சரிதானே? சொன்னால் அவள் அத்தியாயம் போகும். நாற்பத்தாறும் போகும். டிசம்பர் போகும். தை போகும். சொல்லாவிட்டால், அந்தப் பெண் காலமெல்லாம் மேடையேறி, மாமாவின் பேனாத் தட்டை மீனவர் நம்பிக்கை என்று பேசிக்கொண்டிருப்பாள். கீழே உட்கார்ந்து நான் கை தட்ட வேண்டும்.

முதலில் குழந்தைகள். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

நான்கு நாள். நாற்பத்தாறு வீடு. கோலமாவு விற்பவன் மாதிரி "ஒரு லிட்டர், ஒரு லிட்டர்" என்று வாசல் வாசலாகச் சொன்னேன். போன தடவை தட்டியது என் தவறு என்றும் சொன்னேன். கேட்டவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாலாவின் மாமியார் மட்டும், "அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. நாளைக்கு ஒரு குடம்னுவீங்களா?" என்றார். மாலா சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

சின்னப்பொண்ணு என் முன்னாலேயே வீட்டிலிருந்த ஒரு பாக்கெட்டைப் பிரித்து ஒரு லிட்டர் சொம்புத் தண்ணீரில் கொட்டிக் கலக்கி வாயில் ஊற்றிப் பார்த்தார். "சப்புன்னு இருக்குதுண்ணே" என்றார். மருந்து பின்னே பாயசம் மாதிரியா இருக்கும் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அருள்முருகன் எல்லாருக்கும் போனில் அனுப்பிவிடுவதாகச் சொன்னான். ஒருவருக்கும் இந்த மூன்று மாதத்தில் பேதி வரவில்லை என்பதையும் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டேன். அப்பாடா.

செப்டம்பர் 13, சனி

அரியாங்குப்பம், அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். பாலம்வரை போனேன். நெரிசல். திரும்பிவிட்டேன். மாலை மறுபடி போனேன். நெரிசலே இல்லை. இருந்தும் திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சரிதா கருத்தரங்குக்குப் படம் தயாரித்துக்கொண்டிருந்தாள். திரையில் பெரிய எழுத்தில் நாற்பத்தொன்று. நான் நின்றுகொண்டே சொன்னேன். பேனா, விரல், மாலா, எல்லாம். அவள் திரும்பவில்லை.

"எத்தன பேருக்கு மாமா?"

"யோசிச்சு நின்னவங்க எல்லாருக்கும்."

"எத்தன பேருக்கு?"

"முப்பது, முப்பத்தஞ்சு இருக்கும். எண்ணல."

கணினியை மூடினாள். நிலைமை தேறட்டும் என்று, பயப்படாதே, எல்லா வீட்டுக்கும் திரும்பப் போய்ச் சரியான விடையைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

"திரும்பவும் போயி சொல்லிட்டு வந்தீங்களா? அப்ப அவங்களயே மறுபடி கேக்கவும் முடியாது."

அதை நான் நினைக்கவே இல்லை.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள். "மத்தவங்க வந்தா ஜனங்க வாயத் திறக்க மாட்டாங்க, நீங்க போனா பேசுவாங்கன்னுதான் உங்கள எடுத்தேன் மாமா. கைடு வேணாம்னாரு. நான்தான் சண்ட போட்டேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைக்கூட மாற்றவில்லை. மூன்று மாதம் தாமதமாக அந்த விதியைக் கற்றுக்கொண்டேன்.

"போங்க. அம்மா காபி போடுறதுக்குள்ள போயிடுங்க."

செப்டம்பர் 15, திங்கள்

பட்டிமன்றம் ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொன்னேன். என்ன உடம்பு என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

எல்லாச் செய்தியும் செல்வாம்பாள் வழியாக வருகிறது. அத்தையோடு மட்டும் சரிதா பேசுகிறாள். கைடிடம் அவளே போய்ச் சொல்லிவிட்டாள். கருத்தரங்கு ரத்து. என்னுடைய நாற்பத்தாறும் நீக்கம். வைத்திக்குப்பத்தில் வேறு நாற்பத்தாறு வீடு, துர்கா என்று ஒரு பெண் எடுக்கிறாள். அந்தப் பெண் சிரிக்கவே மாட்டாளாம். அதுதான் தகுதியாம். எட்டுப் பகுதிக் கணக்கையும் புதிதாகப் போட்ட பிறகுதான் மேசை யாருக்கு என்று சொல்வார்களாம்.

தீசிஸ் மார்ச்சுக்குப் போய்விட்டது. தைக் கல்யாணம் வைகாசிக்கு. மாப்பிள்ளை நல்ல பையன், சரி என்றிருக்கிறான். அவன் அம்மா சரி என்று சொல்லவில்லை, "பாக்கலாம்" என்றிருக்கிறார். அந்தப் "பாக்கலாம்" மூன்று நாளாக என் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா என் போனை எடுப்பதில்லை.

நவம்பர் 19, புதன்

துர்காவின் கணக்கு வந்துவிட்டது. வைத்திக்குப்பம் இப்போது ஏழாவது. கடைசிக்கு முந்தியது. மேசை அதற்கும் உண்டு. செல்வாம்பாள் இதைச் சொன்னபோது நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழவில்லை. முகம் கழுவினேன்.

இன்னொன்றும் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு இந்தத் தடவை நாற்பத்தாறில் முப்பத்தொன்பது பேர் "ஒரு லிட்டர்" என்றிருக்கிறார்கள். அத்தனையும் புது வீடுகள், நான் மிதிக்காத வாசல்கள். அருள்முருகன் போனில் அனுப்பியது ஊர் முழுக்கப் போயிருக்கிறது. எட்டுப் பகுதியிலும் எங்கேயும் இப்படி ஒரு சரியான விடை வரவில்லையாம். நம்ப முடியாது என்று சரிதா அந்தக் கேள்வியையே மொத்தமாகத் தூக்கிவிட்டாள்.

தூக்கட்டும். வெளியே சொல்லிக்கொள்ள முடியாது, இங்கே எழுதிக்கொள்கிறேன்: ஒரு ஊருக்கே ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஐம்பத்துமூன்று வயதில், மேடையில்லாமல், மைக் இல்லாமல்.

ஜனவரி 23, வெள்ளி

சாயங்கால மேசை இன்று திறந்தது. அழைப்பு இல்லாமல் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். முதல் ஆளாகச் சின்னப்பொண்ணு. மீன் விற்ற கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். நர்ஸ் பட்டையைச் சுற்றினாள். நூற்றறுபது. மறுபடி மாத்திரை. அருள்முருகன் பக்கத்தில் நின்று, எத்தனை நாள், எப்போது நிறுத்தலாம் என்று கேட்டான். நிறுத்தக் கூடாது என்றாள் நர்ஸ். "நார்மலானாலும்?" "நார்மலானாலும்." போனில் எழுதிக்கொண்டான்.

சரிதா என்னைப் பார்த்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு. பக்கத்தில் வந்து, "இளைச்சிட்டீங்க" என்றாள். "நடக்கறேன்" என்றேன். "பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டாங்க. வைகாசி ஒன்பது. அத்தைய முன்னாடியே அனுப்பி வைங்க." என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான்கு அடி போய்விட்டுத் திரும்பி, "நீங்களும்தான்" என்றாள்.

சோடா குடிக்கலாம் என்று கூடத்துக்குப் பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போனேன். ஷாம்பூச் சரத்துக்கும் பாக்குச் சரத்துக்கும் நடுவே ஓ.ஆர்.எஸ். சரமும் தொங்கியது. மேசை திறந்த நாளாயிற்றே, ஞாபகத்துக்கு ஒன்று கிழித்துக் கொடுக்கச் சொன்னேன். கையில் வாங்கினால், நான் மருந்துக் கடையில் வாங்கியதில் கால்வாசிகூட இல்லை. பெரிய பாக்கெட் இல்லையா என்று கேட்டேன்.

"பெருசு இந்தப் பக்கம் எந்தக் கடையிலயும் கிடையாது சார். எங்கப்பா காலத்துலேர்ந்து இதான் விக்கறோம்" என்றார் கடைக்காரர்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் படித்தேன். 4.2 கிராம். இருநூறு மில்லி தண்ணீரில் கரைக்கவும்.

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். இருநூறு மில்லி என்பது எங்கள் டம்ளரில் சரியாக ஒன்று.